போதையிலிருந்து மீளும் விளையாட்டு வீரர்களும் நமது பாராட்டும்

களியக்காவிளையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போகிறவர்களுக்கு அமரவிளை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எக்சைஸ் செக்போஸ்ட்தான். பாறசாலை தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் பஸ்ஸை ஓரங்கட்டச் சொல்வார்கள். காக்கிச் சட்டைக்காரர் இரண்டு பேர் ஏறி, மேலே வைத்திருக்கும் பைகளைத் தட்டிப் பார்ப்பார்கள், பின்சீட்டுப் பையன்களை ஒரு பார்வை பார்ப்பார்கள், இறங்கிப் போவார்கள். கஞ்சா பிடிபட்டது, மாத்திரை பிடிபட்டது என்ற செய்திகளில் நம் ஊர்ப் பெயர் அச்சாகிப் பழகிவிட்டது. உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் வருடங்களில் இதே சாலையோரம் பிளெக்ஸ் போர்டுகள் முளைக்கும். மெஸ்ஸி இருப்பார், நெய்மர் இருப்பார். அர்ஜென்டினாக்காரர்கள் வைக்கும் போர்டில் மேலே ஒரு மூலையில், தெய்வத்தைப் போல, மரடோனா இருப்பார். செக்போஸ்டில் எந்தச் சரக்கைத் தேடுகிறார்களோ அந்த வகைச் சரக்குக்கு ஏறக்குறைய இருபது வருடம் அடிமையாகக் கிடந்தவர் அவர். இதில் யாருக்கும் முரண்பாடு எதுவும் தெரிவதில்லை. எனக்கும் வெகுகாலம் தெரியவில்லை.

நம் வீட்டில் ஒருவன் குடித்தால் சொந்தக்காரர்களிடம் மறைக்கிறோம். அவன் சிகிச்சைக்குப் போனால் அதைவிட அதிகமாக மறைக்கிறோம். "அவன் சென்னைக்கு ஒரு வேலையாப் போயிருக்கான்" என்கிறோம். ஆனால் பெயர்பெற்ற ஒரு விளையாட்டு வீரர் போதையில் விழுந்து எழுந்தார் என்றால் கண்கலங்கிப் பாராட்டுகிறோம். இந்தப் பாராட்டு எங்கிருந்து வருகிறது, அது யாருக்கு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம்.

தமிழர்களாகிய நமக்கு நெருக்கமான ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். 1999 ஜனவரி 31. சேப்பாக்கத்தில் இந்தியா பாகிஸ்தான் டெஸ்ட். சச்சின் 136 ரன் எடுத்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. மைதானம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். அந்த அணி மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டது. அணித் தலைவர் வாசிம் அக்ரம். டெஸ்டில் 414, ஒருநாள் போட்டிகளில் 502 என்று 916 விக்கெட் எடுத்த மனிதர்.

பத்து வருடம் கழித்து அவர் மீண்டும் சென்னைக்கு வந்தார், வேறு விதமாக. 2009 அக்டோபரில் அவருடைய மனைவி ஹுமாவை லாகூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஆம்புலன்ஸ் விமானத்தில் கொண்டுபோனார்கள். எரிபொருள் நிரப்பச் சென்னையில் இறங்கியபோது ஹுமா நினைவிழந்திருந்தார். இந்திய விசா கிடையாது. விமான நிலையத்தில் இருந்தவர்கள் அக்ரமை அடையாளம் கண்டுகொண்டு, விசாவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பியதாக அவரே பிற்பாடு நன்றியோடு சொல்லியிருக்கிறார். அக்டோபர் 25 அன்று அப்போலோ ஆஸ்பத்திரியில் ஹுமா இறந்தார்.

அந்த வருடங்களில் அக்ரம் கொக்கெய்ன் பழக்கத்தில் இருந்தார் என்பது உலகத்துக்கு 2022-இல்தான் தெரிந்தது, அவர் தன் சுயசரிதையில் எழுதியபோது. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இங்கிலாந்தில் ஒரு விருந்தில் தொடங்கியதாம். மைதானத்தில் ரத்தத்தில் ஏறும் அந்த வேகத்துக்கு மாற்றாக அதைப் பிடித்துக்கொண்டேன் என்கிறார். லாகூரில் ஒரு மையத்தில் சேர்த்தார்கள். அங்கே தன்னை விருப்பத்துக்கு விரோதமாக வைத்திருந்தார்கள் என்றும், வெளியே வந்தபின் பழக்கம் திரும்பியது என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். மனைவியின் மரணத்துக்குப் பிறகு அதைத் தொடவில்லை. தன்னை மீட்டது ஹுமாவின் கடைசி உதவி என்பது அவர் கணக்கு.

இதில் நான் கவனிப்பது ஒன்று. சேப்பாக்கத்தின் கைதட்டல் அவர் பந்துவீச்சுக்குக் கிடைத்தது. விமான நிலையத்தில் கிடைத்த உதவியும் அந்தப் பழைய பெயருக்குத்தான். போதையிலிருந்து அவரை வெளியே இழுத்ததோ, ஒரு கைதட்டலும் வாங்காத ஒரு பெண். நம் குடும்பங்களிலும் நடைமுறை இதுவாக்கும்.

சரி, போதை அடிமைத்தனம் என்பது என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது இடம் பெற்று வெகுகாலம் ஆகிறது. மூளையில் ஒரு காரியம் இன்பம் தரும்போது, அதை மறுபடி செய் என்று நினைவூட்ட டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது. சாப்பாட்டுக்கும் உண்டு, கோல் போடுவதற்கும் உண்டு. போதைப்பொருள் இந்த ஏற்பாட்டை நேரடியாகக் கைப்பற்றிவிடுகிறது. நாளாக ஆக அதே அளவு போதாமல் போகிறது. நிறுத்தினால் உடம்பு நடுங்குகிறது. குடித்த இடம், கூட்டாளி, சாயங்கால நேரம் எல்லாமே ஆசையைக் கிளப்பும் மணியாக மாறிவிடுகின்றன. வருடக்கணக்கில் நிறுத்திய பிறகும் அந்த மணி அடிக்கும். சிகிச்சைக்குப் பிறகு நூறில் நாற்பது முதல் அறுபது பேர் வரை ஒருமுறையாவது வழுக்குகிறார்கள் என்று அமெரிக்காவின் போதை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ரத்தக்கொதிப்புக்காரர் மாத்திரையை விட்டுவிடுவதோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பிரஷர் ஏறினவரைப் பார்த்து யாரும் "இவன் திருந்தவே மாட்டான்" என்று சொல்வதில்லை.

விளையாட்டு வீரருக்கு ஆபத்து கூடுதல் என்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பதினைந்து வயதிலிருந்து ஒருவனுடைய நாளை வேறு யாரோ அட்டவணை போட்டு நடத்துகிறார்கள். முப்பத்தைந்து வயதில் ஒரு நாள் அட்டவணை நின்றுபோகிறது. கூட்டத்தின் சத்தமும் நின்றுபோகிறது. மிச்சம் இருப்பது வலிக்கும் முட்டியும், தோளில் கைபோட்டு ஒரு பெக் வாங்கிக் கொடுக்க ஆசைப்படும் ரசிகர்களும்.

மரடோனாவிடம் வருவோம். 1982-இல் பார்சிலோனாவுக்குப் போன காலத்தில் கொக்கெய்ன் தொடங்கியதாக அவரே சொன்னார். 1991 மார்ச்சில் நாப்போலிக்கு ஆடும்போது பரிசோதனையில் பிடிபட்டு 15 மாதத் தடை. 1994 உலகக் கோப்பையில் எபிட்ரின் கண்டுபிடிக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2000-இல் உருகுவேயில் சாவின் விளிம்புவரை போய், சிகிச்சைக்காகக் கியூபா போனார். 2001 நவம்பரில் அவருக்கு நடந்த வழியனுப்பு ஆட்டத்தில், தான் தவறு செய்து விலை கொடுத்துவிட்டதாகவும், ஆனால் பந்தில் கறை படியாது என்றும் பேசி மைதானத்தையே அழ வைத்தார். 2005-இல் இளைத்த உடம்போடு தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார். கொக்கெய்னை விட்டுவிட்டேன் என்றார்.

2012 அக்டோபர் 24 அன்று அவர் கண்ணூருக்கு வந்தார். ஒரு நகைக்கடைக்காரர் அழைத்து வந்தது. ஜவஹர் ஸ்டேடியத்தில் மனிதத் தலைகளாகத் தெரிந்தது. ஐ. எம். விஜயனோடு பந்தைத் தட்டி விளையாடினார், பாடினார், பிறந்தநாள் கேக் வெட்டினார். அந்தக் கூட்டம் 1986-இன் கால்களைப் பார்க்க வந்ததா, எழுந்து வந்த மனிதனைப் பார்க்க வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எட்டு வருடம் கழித்து 2020 நவம்பர் 25-இல் அவர் இறந்தபோது கேரள விளையாட்டுத் துறை இரண்டு நாள் துக்கம் அறிவித்தது. கொக்கெய்னை விட்டாலும் குடி அவரைக் கடைசிக்காலம்வரை விடவில்லை. சுற்றி எப்போதும் ஆளிருந்தும், வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் குறைவு. என் எண்ணத்தில், அளவுகடந்த ஆராதனையின் பக்கவிளைவு இது: தெய்வத்திடம் யாரும் 'போதும், எழுந்து வா' என்று சொல்வதில்லை.

பாராட்டு இரக்கமாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வினோத் காம்ப்ளி இருக்கிறார். 1988-இல் பள்ளி ஆட்டத்தில் சச்சினோடு சேர்ந்து 664 ரன். 1993-இல் அடுத்தடுத்து இரண்டு இரட்டைச் சதங்கள், 224-உம் 227-உம். பதினேழே டெஸ்ட், சராசரி 54. 2024 டிசம்பரில் சிவாஜி பார்க்கில் அவர்களுடைய குரு ராமாகாந்த் அச்ரேக்கரின் நினைவுச் சின்னம் திறந்த அன்று, மேடையில் சச்சினின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த காம்ப்ளியின் வீடியோவைப் பார்க்காத வீடு இருக்காது. எல்லோரும் 'ஐயோ பாவம்' என்றோம், பார்வர்டு செய்தோம். சிலர் சச்சினைத் திட்டினார்கள். உருப்படியான பேச்சு கபில்தேவிடமிருந்து வந்தது: மறுவாழ்வு மையத்துக்குப் போக அவர் தாமாக முன்வரட்டும், நாங்கள் உதவுகிறோம் என்றார். சிகிச்சைக்குத் தயார் என்று காம்ப்ளியும் சொன்னார். 2025-இல் கவாஸ்கரின் அறக்கட்டளை மாதம் 30,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. மாதாமாதம் வரும் பணம் வீடியோவில் வராது. ஆனால் உதவி என்பது அந்த மாதிரித்தான் இருக்கும்.

வெளிநாட்டில் ஒரு நல்ல வழக்கம் கண்டேன். ஜோஷ் ஹாமில்டன் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரர் 1999-இல் நாட்டிலேயே முதலாவதாகத் தேர்வானவர்; போதையால் சில வருடங்களைத் தொலைத்தவர். 2007-இல் திரும்பி வந்து, 2010-இல் தன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். கையில் பணம் வைத்துக்கொள்ள மாட்டார். கூடவே ஒருவர் துணைக்குப் போவார். அங்கே ஜெயித்தால் உடைமாற்றும் அறையில் ஷாம்பெயின் பீய்ச்சியடிப்பது வழக்கம். 2010-இல் அவருடைய டெக்சாஸ் அணி ஒரு சுற்றை வென்றபோது, சக வீரர்கள் முதலில் அவரை நடுவில் நிறுத்தி இஞ்சி சோடாவைப் பீய்ச்சினார்கள். ஒருவனை ஒதுக்காமலும் சோதிக்காமலும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வது எப்படி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அப்படியும் ஹாமில்டன் 2012-இலும் 2015-இலும் வழுக்கினார். அப்போது அதே நாட்டில் கிண்டலும் கோபமும் கிளம்பின. முன்னால் எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்தார்களோ அவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டியிருந்தது.

இதனால்தானோ என்னவோ, 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் பெயரை வெளியே சொல்லாமையை விதியாக வைத்தது. அங்கே மேடை கிடையாது, மாலை கிடையாது. நாற்காலியை வட்டமாகப் போட்டு, இன்று குடிக்கவில்லை என்று சொல்கிறார்கள். இதற்கு மாறாக, ஆர்சனல் அணித் தலைவர் டோனி ஆடம்ஸ் 1996-இல் நான் குடிநோயாளி என்று ஊரறியச் சொன்னார். 2000-இல் தன்னைப் போன்ற வீரர்களுக்காக ஒரு சிகிச்சை மையமே தொடங்கினார். அவர் சொன்னதைக் கேட்டுச் சிகிச்சைக்குப் போனவர்கள் உண்டு. இரண்டு வழியிலும் நியாயம் இருக்கிறது.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. விருச்சிக மாதம் மாலை போட்டால் நாற்பத்தொரு நாள் குடி கிடையாது. நேற்றுவரை "லேய்" என்று கூப்பிட்டவர்கள் இன்று "சாமி" என்பார்கள். சாப்பாடு வேறு, கூட்டாளி வேறு, சாயங்காலம் பஜனை. மணி அடிக்கும் இடங்கள் எல்லாமே மாறிவிடுகின்றன. ஊரே அவனை வேறு ஆளாக நடத்துகிறது. கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலத்திலும் இது கொஞ்சம் நடக்கும். மருத்துவர்கள் கேட்கும் சூழல் அநேகமாக இதுவே. மாலையைக் கழற்றிய அன்று ஊர் பழையபடி கூப்பிடத் தொடங்குவதுதான் கோளாறு. ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும்: தினமும் மிகுதியாகக் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போடும் முன் டாக்டரைப் பார்ப்பது விரதத்துக்குக் குறைவல்ல. இதற்குத் தூரம் போக வேண்டாம். எக்சைஸ் துறையின் 'விமுக்தி' திட்டத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான சிகிச்சை மையம் நெய்யாற்றின்கரை அரசு ஆஸ்பத்திரியிலேயே அமைந்தது. 14405 என்பது அவர்களுடைய இலவச எண். சென்னையில் சொந்தம் உள்ளவர்களுக்கு, சாந்தி ரங்கநாதன் அம்மையார் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை தெரிந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வாலிபால் ஆட்டக்காரர் இருந்தார். பெயர் வேண்டாம். ஸ்மாஷ் அடித்தால் பந்து மண்ணில் பதியும் என்பார்கள். குடியில் வேலை போயிற்று, மனைவி தாய்வீட்டுக்குப் போனாள். ஆறு மாதம் நிறுத்தியிருந்த சமயம், ஓணம் டூர்னமென்டில் ஒரு கிளப்காரர்கள் அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, 'குடியை வென்ற வீரர்' என்று மைக்கில் சொன்னார்கள். நானும் கைதட்டினேன். அன்று ராத்திரி அதே பையன்கள் பந்தலுக்குப் பின்னால், "அண்ணே, இன்னைக்கு ஒரு நாளாக்கும், ஒண்ணும் ஆவாது" என்று கிளாசை நீட்டினார்கள். மறுநாள் அவர் வெளியே வரவில்லை. மைக்கில் சொல்லிவிட்ட பிறகு விழுந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது என்று, இரண்டு வருடம் கழித்து என்னிடம் கேட்டார்.

அதற்குள் அவர் மறுபடி சிகிச்சைக்குப் போய் வந்திருந்தார். இம்முறை யாருக்கும் தெரியாது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்கு சர்வீஸ் போடச் சொல்லிக் கொடுக்கிறார். அவர் குடித்துக்கொண்டிருந்த நேரமும் அந்த ஐந்து மணிதான். போன ஆண்டு விழாவில் அவரைக் கௌரவிக்கலாமா என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது நான் போய்க் கேட்டேன். "பொன்னாடை வேண்டாம் சாரே. நெட் கிழிஞ்சு போச்சு, அதை மாத்தித் தாங்க" என்றார். வாங்கிக் கொடுத்தோம்.