கடல் பொங்கியபோது கை கொடுத்த காடு!

பிச்சாவரத்தில் படகு ஏறுவோர் கவனத்துக்கு

இத்தாலி நாட்டில் வெனிஸ் என்று ஒரு நகரம். தெருவுக்குத் தெரு தண்ணீர்! கப்பலில் போய் இறங்கி, பக்கத்துத் தீவுகளைப் படகில் சுற்றிப் பார்க்கிறார்கள்.

"நமக்கு ஏதுங்க அந்த வசதி?" என்று பெருமூச்சு விட வேண்டாம். சிதம்பரத்தில் பஸ் ஏறினால் கிள்ளை வழியாகச் சுமார் 15 கி.மீ.தான். பிச்சாவரம் வந்துவிடும்!

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் சுரபுன்னைக் காடு. குட்டிக் குட்டித் திட்டுகள். நடுவே வளைந்து ஓடும் வாய்க்கால்கள். எம்.ஜி.ஆர். நடித்து 1975-ல் வந்த 'இதயக்கனி' படப்பிடிப்பு நடந்தது இங்கேதான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கிளையை ஒடிக்காதீர்கள்!

கப்பல் கண்ட கரை

இந்தக் கடற்கரைக்குக் கப்பல் புதிதல்ல. கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போடும். சரக்கு படகில் கரை சேரும்.

சோறு போட்ட அதே கடல், 2004 டிசம்பர் 26-ந் தேதி காலனாக வந்தது!

கடலை ஒட்டிய மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு மீனவர் குடியிருப்பு உருக்குலைந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த டி.எஸ்.பேட்டை, வடக்கு முடசல்ஓடை கிராமங்களில் சேதம் குறைவு. கடலை விட்டுத் தள்ளி இருந்தது ஒரு காரணம். அலையின் வேகத்தை மரங்கள் வாங்கிக்கொண்டது இன்னொரு காரணம்.

மீன் முள் வாய்க்கால்

இந்தக் காடும் ஒரு காலத்தில் வெட்டுப்பட்டுச் சீரழிந்ததுதான். மரம் போன இடத்தில் தரை தாழ்ந்தது. தேங்கிய நீர் வற்றி உப்பு ஏறியது. கன்று பிழைக்கவில்லை.

1990-களில் வனத்துறை, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கிராம மக்கள் மூவரும் கைகோர்த்தனர். மீன் முள் மாதிரி கிளை கிளையாக வாய்க்கால் வெட்டினார்கள். கடல் தண்ணீர் உள்ளே வந்து போனது. காடு மறுபடி தழைத்தது!

ஆக, வாய்க்கால்தான் காட்டுக்கு ரத்தக் குழாய். அது அடைபட்டால் காடு போச்சு. காடு போனால் கரையோர ஜனங்களுக்கு வேலி போச்சு.

வெனிஸிலேயே, 2021 ஆகஸ்டு முதல் பெரிய கப்பல்கள் நகரின் நடுவே போகத் தடை. பிச்சாவரத்தின் குறுகிய வாய்க்கால்களில் துடுப்புப் படகுதான் நுழையும். அந்தப் படகில் உட்கார்ந்து காலி பாட்டிலையும் பிஸ்கட் உறையையும் தண்ணீரில் வீசலாமா?

போங்க, ஆசை தீரப் பாருங்க. குப்பையை மட்டும் கையோடு கொண்டு வந்துடுங்க!