கூட்டாக அட்வான்ஸ் போடும் தரகர்கள்

சென்னையில் பழைய வீடு, மனை வியாபாரம் செய்யும் தரகர்களில் சிலர் கமிஷனோடு நிற்பதில்லை. உரிமையாளருக்கு அட்வான்ஸ் கொடுத்து விற்பனை ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். கெடு முடிவதற்குள் கூடுதல் விலைக்கு ஆள் பிடித்து, உரிமையாளரைக் கொண்டே அவருக்குக் கிரயம் முடித்து, வித்தியாசத் தொகையை எடுத்துக்கொள்கிறார்கள். அட்வான்ஸுக்கான பணம் ஒருவரிடமும் வாங்கும் ஆள் இன்னொருவரிடமும் இருந்தால் இருவரும் கூட்டுச் சேர்கிறார்கள். உரிமையாளரோடு பார்த்துப் பார்த்து எழுதுபவர்களும் தங்களுக்குள் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறார்கள்.

கல்மண்டபத்தில் ஒரு வீட்டை 60 லட்சத்துக்குப் பேசி, மூன்று மாதக் கெடுவில் இரு தரகர்கள் 5 லட்சம் அட்வான்ஸ் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பங்கு 4 லட்சம், மற்றவர் பங்கு 1 லட்சம். வாங்குபவர் தரும் விலை 66 லட்சம். தங்கள் பெயரில் பதிந்து பிறகு விற்பது கட்டுப்படியாகாது. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கே 5,40,000 ரூபாய் ஆகிவிடும். ஆறு லட்சத்தில் 60,000தான் மிஞ்சும். அதனால்தான் ‘தங்கள் பெயருக்கோ தாங்கள் குறிப்பிடும் நபர் பெயருக்கோ கிரயம் செய்து கொடுக்க’ என்ற வரி இந்த ஒப்பந்தத்துக்கு உயிர். கிரயப் பத்திரத்தில் 66 லட்சத்தையும் காட்டி, தரகர்கள் சம்மதிக்கும் தரப்பாகக் கையெழுத்திடுவதே நேர்மையான வழி.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையையும் தராது. கிரயம் செய்யக் கேட்கும் உரிமைதான் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அதைப் பதிவு செய்வதும் கட்டாயம். ஒருவர் மட்டும் அதில் கையெழுத்திட்டால் உரிமையாளரைப் பொறுத்தவரை மற்றவர் இல்லாத ஆள். கெடு நீட்டிப்பும் பேரமும் கையெழுத்திட்டவர் கையில் போய்விடும். இருவரும் கையெழுத்திடுவது நல்லது. முடியாவிட்டால் தனியாக ஒரு கூட்டு ஒப்பந்தம் வேண்டும்.

அதில் முதலில் எழுத வேண்டியது நஷ்டம். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் ஒரே ஒரு வியாபாரத்துக்கான கூட்டையும் ஏற்கிறது. வேறாக எழுதாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிபாதி. ஆள் கிடைக்காமல் அட்வான்ஸ் பறிபோனால், 1 லட்சம் போட்டவர் இன்னும் ஒன்றரை லட்சம் கொடுக்க வேண்டியிருக்கும். இதை அறியாமலே பலர் கை கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். லாபம் வந்தால் முதலில் போட்ட பணம், அடுத்து பத்திரச் செலவு, வக்கீல் கட்டணம், மீதியில் பங்கு என்று வரிசையையும் எழுத வேண்டும்.

கிரயம் எதனால் நின்றது என்பதையும் பிரித்து எழுத வேண்டும். பழைய வீடுகளில் வாரிசுகள் பலர் இருப்பார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்களே தெரியும். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளின் பங்கு தெரியாது. உரிமையில் குறை வந்தால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று உரிமையாளர் ஒப்பந்தத்திலும், வாரிசு விவரத்தைச் சரிபார்ப்பது யார் என்று கூட்டு ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும்.

சொத்துக்கான பணத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அட்வான்ஸை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் யார் எவ்வளவு போட்டார் என்பதற்கும் அதுவே சாட்சி. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. கூட்டு கலைந்தபின் பங்காளிகள் தங்களுக்குள் கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம்.