ஒரே ஊசி போதாதா, டாக்டர்?

மயக்கவியல் மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரே மருந்தாலும் ஆழ்ந்த மயக்கம் வரவழைக்கலாம். ஆனால், அதற்கு அளவைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ரத்த அழுத்தம் சரியும், விழிக்கவும் தாமதமாகும். எனவே வேலையைப் பல மருந்துகளுக்குப் பங்கிடுகிறோம். இந்த எண்ணத்துக்கு அமெரிக்க மருத்துவர் ஜான் லண்டி 1926ஆம் ஆண்டிலேயே ‘சமநிலை மயக்கம்’ என்று பெயரிட்டார்.

முதலில் மிடாசோலம். பயம் தணியும், நடப்பது பெரும்பாலும் நினைவில் தங்காது. அடுத்து ஃபெண்டனில், வலியை அடக்க. பிறகு புரோபோஃபால். தண்ணீரில் கரையாத மருந்து என்பதால் சோயா எண்ணெயில் கலந்து வருகிறது. பார்க்கப் பால்போல் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பிவிடும். தேவையென்றால் தசைகளைத் தளர்த்த ரோக்குரோனியம். அது தூங்க வைக்காது என்பதால், நினைவு தப்பிய பிறகே போடுவோம்.

இவை சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டல்ல, மூன்று. மிடாசோலம் உள்ளே இருந்தால் புரோபோஃபால் குறைவாகவே போதும். முதியவர்களுக்கு இன்னும் குறைப்போம்.

இந்தக் கூட்டு பலமே ஆபத்தும்கூட. 2009இல் மைக்கல் ஜாக்சன் இறந்தபோது அவர் உடலில் புரோபோஃபாலும் மிடாசோலம் வகை மருந்துகளும் இருந்தன. அறுவை அறையில் மூச்சையும் இதயத்தையும் நொடிக்கு நொடி கவனிக்கும் கருவிகளும், மூச்சு நின்றால் உடனே கொடுக்கத் தெரிந்த கைகளும் உண்டு. மருந்தைவிட அவைதான் பாதுகாப்பு.

இதில் நோயாளிக்கும் பங்குண்டு: உண்மையைச் சொல்வது. ஒருமுறை பெரியவர் ஒருவர் ‘குடிப்பழக்கமே இல்லை’ என்றார். மகள் பாரம் நிரப்ப வெளியே போனதும் குரலைத் தாழ்த்தி, “தினமும் ரெண்டு கிளாஸ் சம்சு, டாக்டர். பிள்ளைக்குத் தெரிய வேணாம்” என்றார். தினமும் குடிப்பவருக்கு வழக்கமான அளவு போதாமல் போகலாம். அன்றைக்கே குடித்திருந்தால் அதே அளவு மிஞ்சியும் போகலாம். அவர் மெல்லச் சொன்ன அந்த வார்த்தையால் என் கணக்கே மாறியது.

தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் எதையும் மறைக்காதீர்கள். திட உணவுக்குக் குறைந்தது 6 மணி நேர இடைவெளி, வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அறுவைக்கு முன் நாங்கள் பேச வரும்போது, அப்பாவையோ அம்மாவையோ இரண்டு நிமிடம் எங்களோடு தனியாக விடுங்கள்.