500 டாலர் பாட்டு

எல்விஸ் பிரெஸ்லி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் பாட்டுகளில் ஒன்று 'ஹவுண்ட் டாக்'. ஆனால் அது அவருக்காக எழுதப்பட்டதல்ல; ஆண் பாடுவதற்காக எழுதப்பட்டதே அல்ல.

1952 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் இசைக்குழு நடத்திவந்த ஜானி ஓட்டிஸ், தன் குழுவில் பாடும் வில்லி மே தோர்ன்டனுக்குப் பாட்டு கேட்டு ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் இருவரையும் அழைத்தார். இருவருக்கும் வயது 19. அலபாமாவில் பாதிரியார் மகளாகப் பிறந்தவர் தோர்ன்டன். ஆஜானுபாகுவான உடல், அதற்கேற்ற தொண்டை. 'பிக் மாமா' என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். அவர் பாடுவதைக் கேட்டு மிரண்டுபோன இளைஞர்கள், கால் மணி நேரத்தில் பாட்டை எழுதி முடித்தார்கள். தன் காசில் உட்கார்ந்து தின்னும் ஊதாரி ஆணை வாசலோடு விரட்டும் பெண்ணின் ஏச்சு அது.

ஆகஸ்ட் 13 அன்று பதிவு. டிரம்ஸ் வாசித்தவர் ஓட்டிஸ். கிட்டார் பீட் லூயிஸ். தோர்ன்டன் உறுமுகிறார், இழுக்கிறார், நக்கலடிக்கிறார். கடைசியில் வாத்தியக்காரர்களெல்லாம் நாயாகவே குரைக்கிறார்கள். ஹூஸ்டனின் பீகாக் நிறுவனம் 1953இல் வெளியிட்ட இசைத்தட்டு, ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் நின்றது. மெம்பிஸிலிருந்து ரூஃபஸ் தாமஸ் 'பேர் கேட்' என்று எசப்பாட்டு பாடினார். மெட்டைத் திருடியதாக பீகாக் வழக்குப் போட, எசப்பாட்டை வெளியிட்ட சன் நிறுவனம் தோற்றது. எல்விஸை அடுத்த ஆண்டே உலகுக்குக் காட்டியதும் அதே சன் நிறுவனம்தான்!

எல்விஸ் இந்தப் பாட்டைப் பிடித்த இடம் லாஸ் வேகஸ். 1956இல் அங்கே ஃப்ரெடி பெல் குழுவினர் இதைக் கேலிப்பாட்டாக மாற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். விரட்டப்படும் ஆண் காணாமல் போய், முயல் பிடிக்கத் துப்பில்லாத நிஜ நாய் வந்துவிட்டது. எல்விஸ் எடுத்துக்கொண்டது இந்த வடிவத்தைத்தான். ஜூன் 5 அன்று தொலைக்காட்சியில் இடுப்பை ஆட்டிப் பாடியதற்குப் பத்திரிகைகள் பொரிந்து தள்ளின. ஜூலை 1 அன்று அவருக்குக் கோட்டு மாட்டி, ஒரு நாயின் எதிரே நிறுத்திப் பாடவைத்தார்கள். மறுநாள் நியூயார்க்கில் ஒலிப்பதிவு. 30 முறை பாடியும் அவர் விடவில்லை. அந்த வேகத்தையும் டிரம்ஸின் அதிரடியையும் யாரும் குறை சொல்ல முடியாது. அர்த்தம்தான் இல்லை. லீபருக்கே இந்த வடிவம் பிடிக்கவில்லை.

ஸ்டோலர் அப்போது ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். அந்தக் கப்பல் 'ஆண்ட்ரியா டோரியா'; ஜூலை கடைசியில் மற்றொரு கப்பல் மோதி மூழ்கியது. உயிர் தப்பி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியவரிடம், பாட்டு சக்கைப்போடு போடுவதாக லீபர் சொன்னார். பாடியது யார் என்று கேட்ட பிறகும் ஸ்டோலருக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை.

மறுபக்கப் பாட்டோடு சேர்ந்து அந்த இசைத்தட்டு 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. எழுதியவர்களுக்குப் பணம் வந்தது. தோர்ன்டனுக்கு? 500 டாலர் காசோலை ஒன்று கிடைத்தது, அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்க வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் உரிமைத்தொகை, பாடியவருக்குக் கிடையாது. இது எல்விஸ் செய்த மோசடி அல்ல, தொழிலே அப்படித்தான் நடந்தது.

1984 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸின் வாடகை விடுதி அறை ஒன்றில், 57 வயதில் தோர்ன்டன் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் எல்விஸுக்கு 1986இல், முதல் பட்டியலிலேயே இடம் கொடுத்தது. தோர்ன்டன் பெயரைச் சேர்த்தது 2024இல். இரண்டு பதிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. தோர்ன்டனை முதலில் கேளுங்கள்.