பெயர் மாத்திரம் எஞ்சிய இடங்கள்
(பழைய தேசப்படங்களும் நேரிற்கண்ட ஆராய்ச்சியும்)

ஆலமரம் பட்டுப்போய்த் தலைமுறைகள் பல கடந்த பின்னரும் அது நின்ற இடம் ஆலடி என்றே வழங்குகின்றது. சந்தை கூடாத சந்தி சந்தையடியாகவும், மடம் இடிந்த மேடு மடத்தடியாகவும் நிலைபெற்றிருக்கின்றன. பொருள் அழிந்தும் பெயர் அழியாதிருத்தல் யாழ்ப்பாணத்தில் யாண்டுங் காணப்படும் இயல்பாகும். இவ்வியல்பினைத் துணைக்கொண்டு, பழைய தேசப்படங்களை ஒப்புநோக்கி, நிலத்தை நேரிற்சென்று ஆராய்ந்து, மறைந்துபோன இடங்களைக் காணுமாறு எங்ஙனம் என்பதனை, யாழ்ப்பாணத்தரசரின் தலைநகராய் விளங்கிய நல்லூரை முதன்மை உதாரணமாகக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

தேசப்படம் தருஞ் சான்று

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஆண்டு 1658. அவர்களோடு வந்து இங்கே சமயப் பணியாற்றிய பிலிப்பு பால்டேயஸ் என்னும் பாதிரியார் எழுதிய நூல் 1672 இல் அம்ஸ்ரடாம் நகரில் வெளிவந்தது. அந்நூலிலே குடாநாட்டையும் தீவுகளையுங் காட்டும் படமும், கோயிற்பற்றுகள் சிலவற்றின் தேவாலயங்களைக் காட்டுஞ் சித்திரங்களும் உள்ளன. சங்கிலி பிடித்து அளந்து வரைந்த இக்காலப் படங்களைப் போல அதனைக் கருதுதல் கூடாது. கரையின் வளைவும் ஊர்களுக்கிடைப்பட்ட தூரமும் அதிற் பிழைபட்டிருத்தல் கூடும். ஆயினும், எந்த ஊருக்கு அயலில் எந்த ஊர் இருந்தது, எவ்விடங்கள் அக்காலத்தார்க்கு முக்கியமாய்த் தோன்றின என்பவற்றை அறிதற்கு அது பெரிதும் உதவுவதாகும்.

பழைய படத்தைப் படிப்போன் முதலிற் செய்யவேண்டுவது பெயர்களை இனங்காணலாம். ஒல்லாந்தர் காலத்துப் படங்களிலே காரைதீவு அம்ஸ்ரடாம் எனவும், வேலணைத்தீவு லெய்டன் எனவும், புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நெடுந்தீவு டெல்வ்ற் எனவுங் குறிக்கப்பட்டன. இவற்றுள் நெடுந்தீவுக்கிட்ட பெயரே பிற்காலத்தும் ஆங்கில வழக்கில் நிலைத்தது. ஏனையவற்றை மக்கள் ஏற்றிலர். ஆகவே, படத்திற் கண்ட பெயரெல்லாம் மக்கள் வாயில் வழங்கிய பெயரென்று கொள்ளுதல் தவறாகும்.

அடுத்துச் செய்யவேண்டுவது ஐயமற்ற இடங்கள் சிலவற்றைப் படத்திலும் நிலத்திலும் பொருத்திப் பார்த்தல். 1816 இல் வந்த அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இருந்த பழைய தேவாலயக் கட்டடங்களைத் திருத்தித் தம் பணிக்குப் பயன்படுத்தினர். ஆதலின் அவ்விடங்கள் படத்துக்கும் நிலத்துக்கும் பாலமாய் அமைகின்றன. இத்தகைய இடங்களை முதலில் நிறுத்திக்கொண்டால், அவற்றுக்கிடையே உள்ளவற்றைத் தேடுதல் எளிதாகும்.

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 இல் நிறுவப்பட்டது. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிக் காட்டும் படங்களுக்கான அளவை 1897 இல் தொடங்கி 1924 இல் முற்றுப்பெற்றது. இப்படங்கள் திருத்தமானவையே. ஆயினும் அவற்றில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி நிலத்தில் ஏறக்குறைய 63 மீற்றர் ஆகும். யாழ்ப்பாணத்துக் கேணியொன்றும் அதனருகேயுள்ள மடமும் அவ்விடைவெளிக்குள் அடங்கிவிடும். படம் தேடுவோனை உரிய ஒழுங்கை வரைக்கும் அழைத்துச் செல்லும். அதற்கப்பால் அவன் காலால் நடந்தே காணல்வேண்டும்.

நல்லூரின் எல்லை

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப்புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, நல்லூர் நகரின் நாற்றிசையிலும் அரசன் கோயில்களை எடுப்பித்தான் எனக் கூறுகின்றது. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர் என்பன அவை. இப்பெயர்களைத் தாங்கிய கோயில்கள் இன்றும் நல்லூரின் சூழலில் உள்ளன. தெற்கே உள்ளது கைலாசபிள்ளையார் கோயில் என வழங்கும். அவற்றைப் படத்திற் குறித்துப் பார்ப்பின், பழைய நகரின் பரப்பு ஒருவாறு புலனாகும். எனினும் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த கோயில்கள் பிற்காலத்தில் மீள எழுந்தவை. மீள எழுந்தபோது பழைய நிலையத்திலேயே எழுந்தன என்று துணிதற்கு வேறு சான்று வேண்டப்படும். ஆகவே அந்நான்கு கோயில்களையும் நகரின் எல்லைக்கல்லாகக் கொள்ளாது, எல்லை எத்திசையிற் கிடந்தது என்பதைச் சுட்டும் அடையாளமாகக் கொள்வதே பொருத்தமாகும்.

இந்நாற்புறத்துக்கும் உள்ளே சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம், யமுனா ஏரி, முத்திரைச்சந்தை என்னும் பெயர்கள் ஒன்றுக்கொன்று அணித்தாக வழங்குகின்றன. பண்டாரம் என்பது யாழ்ப்பாணத்தரசர் பெயரோடு சேர்ந்து வந்த சொல். 1591 இல் போர்த்துக்கேயராற் கொல்லப்பட்ட அரசனைப் புவிராச பண்டாரம் என்பர். சங்கிலி என்பது 1619 இல் ஆட்சியிழந்த இறுதி மன்னனின் பெயர். யமுனா ஏரி ‘ப’ என்னும் எழுத்தின் வடிவினது. யமுனை நதியின் நீரைக் கொணர்ந்து அதிற் சொரிந்தனர் என்பது ஐதிகம். ஒரு பெயர் தனித்து நிற்பின் தற்செயலாக வந்ததென்று ஒதுக்கிவிடலாம். அரசரோடு தொடர்புடைய பெயர்கள் பல ஒரே பரப்பில் நெருங்கிக் கிடப்பின், அரசிருக்கை அவ்விடத்தை அடுத்தே இருந்ததென்று கொள்ளுதல் தகும்.

இங்கே எச்சரிக்கையொன்று இன்றியமையாதது. இன்று நல்லூர் என்றவுடன் யாவர் மனத்திலுந் தோன்றுவது கந்தசுவாமி கோயிலேயாம். அதனை நடுவாக வைத்துப் பழைய நகரைத் தேடப் புகுவோர் வழிதவறுவர். அரசர் காலத்துக் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா 1621 இல் இடிப்பித்தான். அவ்வாண்டிலேயே ஆட்சி நடத்தும் இடமும் நல்லூரினின்று யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றப்பட்டது. பழைய கோயில் நின்ற இடம் முத்திரைச்சந்தையை அடுத்துச் சென் ஜேம்ஸ் தேவாலயம் இருக்கும் பகுதியே என அறிஞர் பலர் கருதுவர். இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியில் குருக்கள் வளவு என்னும் காணியில் எழுந்தது. தெய்வத்தின் பெயரும் ஊரின் பெயரும் மாறாதிருக்க, இடம் மாத்திரம் மாறியதற்கு இஃது ஒரு சான்றாகும்.

இதற்கு மறுதலையாக, இடம் மாறாதிருக்கக் கட்டடம் மாறுதலும் உண்டு. சங்கிலித்தோப்பில் நிற்கும் வளைவும், அயலிலுள்ள மந்திரிமனையும் அரசர் காலத்தனவென்றே ஊரார் கூறுவர். அவற்றில் ஐரோப்பியக் கட்டட முறை விரவியிருத்தலால், இன்றுள்ள வடிவம் பிற்காலத்தது என்பர் ஆராய்ச்சியாளர். ஊரார் கூற்றை முற்றாகத் தள்ளுதலும் முற்றாகக் கொள்ளுதலும் தகா. பெயர் காத்துத் தந்தது நிலத்தின் நினைவை; சுவரின் வயதை அது கூறாது.

வழிகள் கூறும் வரலாறு

தலைநகரை விட்டு ஊர்ப்புறஞ் சென்றால் வேறுவகைச் சான்றுகள் எதிர்ப்படும். தலைச்சுமையுடன் நடந்தோர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி வைத்தற்கு அமைத்தது சுமைதாங்கி. கால்நடைகள் உடம்பை உராய்தற்கு நாட்டியது ஆவுரோஞ்சிக்கல். அவை நீரருந்தக் கேணியும், வழிப்போக்கர் தங்க மடமும் அருகே அமைந்தன. இவை நான்கும் ஒருங்கு காணப்படுமிடத்தில் மக்கள் மிகுதியாய்ப் பயின்ற வழியொன்று சென்றது என்பதில் ஐயமில்லை. இன்றைய தார் வீதி அவ்விடத்தை விட்டு விலகிச் செல்லலாம். அங்ஙனமாயின் வீதியே புதியது என்க. பருத்தித்துறையில் வீதியின் மேலே கூரை கவிந்து நிற்கும் தெருமூடிமடம் அத்தகைய பழைய வழியொன்றை இன்றுங் காட்டி நிற்கின்றது.

நேரிற்சென்று காணும் முறை

கந்தரோடையின் தொன்மையை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர், யாழ்ப்பாணத்தில் நீதிபதியாயிருந்த போல் பீரிஸ். அவர் அங்கு நேரிற்கண்டு சேகரித்தவற்றை 1917 இலும் 1919 இலும் கட்டுரைகளாக வெளியிட்டார். 1980 இல் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியொன்றில் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. குடாநாடெங்கும் நடந்து பழைய குடியிருப்புகளை ஆராய்ந்த பொ. இரகுபதி அவர்களின் நூல் 1987 இல் வெளிவந்தது. இவர்களுடைய பணியெல்லாம் நிலத்தின்மீது கண்ணைப் பதித்து நடந்ததனால் விளைந்த பயனேயாம்.

உழுத நிலத்தில் முதன்மழை பெய்தபின் மட்பாண்டச் சில்லுகள் வெளிப்படும். கோடையில் குளம் வற்றும்போது பழைய படிக்கட்டுத் தெரியும். ஆயின் வெட்டிய கல்லொன்று ஒரு வளவிற் கிடப்பதைக் கண்டு, அங்கே கோயில் இருந்ததென்று முடிவுசெய்தல் ஆகாது. கற்கள் இடம்விட்டு இடஞ் செல்பவை. நல்லூர்க் கோயிற் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குச் சென்றன என்பர். ஓட்டுச் சில்லு அத்துணை எளிதில் எடுத்துச் செல்லப்படுவதன்று. எவரும் வேண்டாது எறிந்த அதுவே சிலவிடத்துச் சிறந்த சான்றாகின்றது.

காணி உறுதிகளும் தோம்புகளும் பிறிதொரு துணை. யாழ்ப்பாணத்திற் காணிகளுக்குத் தனித்தனிப் பெயருண்டு. உறுதியிற் பெயரும் பரப்பும் நான்கெல்லையும் எழுதப்பட்டிருக்கும். ஒரு காணியின் கிழக்கெல்லை ‘குளம்’ என்று பழைய உறுதியிலும் ‘வீதி’ என்று புதிய உறுதியிலுங் காணப்படின், தூர்ந்த குளமொன்றின் கரையில் நிற்கின்றோம் என்பது விளங்கும்.

விரைந்து செய்யவேண்டிய பணி

கோட்டையினுள்ளே ஒல்லாந்தர் 1706 இற் கட்டிய தேவாலயம் கடந்த போரில் அழிந்தது. அதனை அறிந்துகொள்ள ஒளிப்படங்களும் நூற்குறிப்புகளும் எஞ்சியுள்ளன. குளத்தடியிலோ ஒழுங்கை முடக்கிலோ இருந்த சுமைதாங்கிக்கு அத்தகைய பதிவு இல்லை. அதன் பெயரும் இருப்பிடமும் அவ்வயலில் வாழ்ந்த முதியோர் நினைவிலேயே தங்கியிருந்தன. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 இல் வலிகாமம் முழுவதிலுமிருந்த மக்களும் இடம்பெயர்ந்தனர். பல்லாண்டு கழித்து மீண்டோர் சிலர் வேலியும் ஒழுங்கையும் உருமாறியிருக்கக் கண்டனர். மீளாதே மறைந்த முதியோரும் பலர். அவர்களோடு மறைந்த பெயர்களை எந்தத் தேசப்படமும் திருப்பித் தருவதற்கில்லை.

ஆதலின் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் குறிச்சியளவிலேனும் இப்பணியைத் தொடங்குதல் நன்று. இடத்தின் பெயர், உறுதியில் அதன் வடிவம், தேசப்படத்தில் அதன் நிலை, நேரிற் கண்டது, பெரியோர் கூறியது என்னும் ஐந்தையும் கலவாது வேறுவேறாக எழுதி வைத்தல் வேண்டும். தேடியும் காணாத இடத்தைக் காணவில்லையென்றே குறித்தல் வேண்டும். ஊகத்தால் நிரப்புதல் பின்வருவோரை மயக்கும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு பழைய படத்தின் பிரதியும், ஒரு குறிப்பேடும், பாட்டனார் பாட்டியார் சொல்வதைப் பொறுமையுடன் கேட்குஞ் செவியும் உள்ளவர் எவரும் இன்றே தொடங்கலாம்.