போத்தலுக்குள் இருக்கும் கஃபீன் எங்கிருந்து வருகிறது?

எனர்ஜி ட்ரிங்க் டின்னும் கோலாப் போத்தலும் இல்லாத கடை இன்று நமது ஊர்களில் குறைவு. ஜெலட்டின் இருக்கிறதா, அல்கஹோல் கலந்திருக்கிறதா என்று வாடிக்கையாளர்கள் விசாரிக்கிறார்கள். லேபலில் உள்ள 'கஃபீன்' பற்றி என்னிடம் கேட்டவர்கள் மிகச் சிலர். அவர்களும் "கோப்பிக்கொட்டையில் எடுப்பதுதானே" என்று பதிலையும் தாங்களே சொல்லிவிட்டார்கள். அந்தப் பதில் பாதிதான் சரி. விற்கும் சரக்கின் மூலத்தை அறிந்திருப்பது வியாபாரிக்கு அழகு என்பதால் இதை எழுதுகிறேன்.

கோப்பியிலிருந்து கஃபீனை முதலில் பிரித்தெடுத்தவர் ரூங்கே என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர். அது 1819ஆம் ஆண்டு. அதை வியாபாரமாக்கியவர் ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக் கோப்பி வியாபாரி லுட்விக் ரோசேலியுஸ். கஃபீன் நீக்கிய கோப்பியை விற்பதற்காக 1906இல் அவர் ஒரு கம்பனியைத் தொடங்கினார். பச்சைக் கொட்டையை நீராவியில் ஊறவைத்து, கரைப்பான் ஒன்றினால் கஃபீனை இழுத்தெடுப்பதே அவரது முறை. கோப்பி ஒரு பக்கம் விலைபோனது. எடுத்த வெள்ளைத் தூள் இன்னொரு பக்கம் விலைபோகும் சரக்கானது.

கணக்கைப் பாருங்கள். ரொபஸ்டா கொட்டையில் ஏறக்குறைய 2 வீதம் கஃபீன் உண்டு. 1000 கிலோ கொட்டையில் 20 கிலோ. 250 மில்லிலீற்றர் எனர்ஜி ட்ரிங்க் டின் ஒன்றில் வழக்கமாக 80 மில்லிகிராம் இருக்கும். அப்படியானால் ஒரு கிலோ தூள் 12,500 டின்களுக்குப் போதும். 20 கிலோ இரண்டரை இலட்சம் டின்களுக்கு!

இரண்டாவது வழி தேயிலை. 1901இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய மொன்சான்டோ கம்பனி முதலில் சக்கரின் செய்தது. பிறகு தேயிலைத் தூசியிலிருந்து கஃபீன் எடுத்து கொக்கா கோலாவுக்கு விற்றது. நமது தேயிலைத் தொழிற்சாலைகள் ஒதுக்கும் கழிவுத் தேயிலையிலும் கஃபீன் இருக்கிறது. அதைக் குடிக்கும் தேயிலையோடு கலந்து விற்பவன் களவு செய்கிறான். அதே கழிவிலிருந்து முறைப்படி கஃபீன் எடுப்பவன் தொழில் செய்கிறான்.

மூன்றாவது வழிதான் இன்று பெரியது. கொட்டையும் வேண்டாம், இலையும் வேண்டாம். எமில் பிஷர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1895இல் ஆய்வுகூடத்திலேயே கஃபீனைச் செய்துகாட்டினார். இன்று யூரியா போன்ற மூலப்பொருட்களில் தொடங்கிப் பல படிகளில் தொழிற்சாலைகள் இதைச் செய்கின்றன. இதில் முன்னணியில் இருப்பது சீனா. யூரியா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்வது அது. வயலுக்குப் பசளையாகப் போடுவதும் அதுவே. மிருகக் கொழுப்போ எலும்போ இந்த மூன்று வழிகளிலும் மூலப்பொருள் அல்ல.

எந்த வழியில் வந்தாலும் கஃபீன் ஒன்றேதான்; உடலில் செய்யும் வேலையும் ஒன்றேதான். வித்தியாசம் விலையில் இருக்கிறது. கொட்டையிலும் இலையிலும் எடுப்பது பொதுவாக விலை கூடியது. 'இயற்கைக் கஃபீன்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கும் விநியோகஸ்தரிடம் அதற்குரிய பத்திரத்தைக் கேளுங்கள். வெறும் வாய்ச்சொல்லுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மூலத்தை விட முக்கியமானது அளவு. 1909இல் அமெரிக்க அரசாங்கம் கொக்கா கோலாப் பாகு பீப்பாய்களைக் கைப்பற்றி, கஃபீன் கலந்ததற்காக வழக்குப் போட்டது. 1916இல் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் கம்பனி கஃபீனின் அளவைக் குறைக்கச் சம்மதித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015இல் சொன்ன அளவு, ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். பிள்ளைகளுக்கு உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு 3 மில்லிகிராம். 25 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 75 மில்லிகிராம்தான். ஒரே ஒரு டின் அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஸ்கூல் விட்டதும் நமது கடைக்கு ஓடிவருபவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

இன்னொன்று, சுத்தமான கஃபீன் தூள். ஒரு தேக்கரண்டித் தூள் ஏறக்குறைய 28 கப் கோப்பிக்குச் சமம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. அதைக் குடித்து இளைஞர்கள் இறந்தும் இருக்கிறார்கள். உடற்பயிற்சிக்கு நல்லது என்று யாராவது அந்தத் தூளைப் பொதியாகக் கொண்டுவந்து தந்தால், இலாபம் எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம். திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சரக்கின் குறையை மறைத்து விற்பதை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது. ஆகவே மூன்று காரியம் செய்வோம். சரக்கு எடுக்கும்போது லேபலில் கஃபீன் எத்தனை மில்லிகிராம் என்று பார்ப்போம். அளவு போடாத சரக்கை எடுக்காமல் விடுவோம். சின்னப் பிள்ளை எனர்ஜி ட்ரிங்க் கேட்டால் பழச்சாறோ பாலோ எடுத்துக் கொடுப்போம். ஒரு டின்னின் இலாபம் போகலாம். "அந்தக் கடைக்குப் பிள்ளையை நம்பி அனுப்பலாம்" என்று பெற்றோர் சொல்லும் பெயர் நிலைக்கும், இன்ஷா அல்லாஹ்.