ஐம்பதைத் தாண்டி வேலை தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது

ஐம்பது வயதுக்கு மேல் வேலை போனவர்கள் ஆலோசனை கேட்டு வரும்போது, பெரும்பாலும் காரியம் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். ஒருவர் மில் மூடியதும் பி.எஃப். கணக்கைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டார், பென்ஷன் தொகை உட்பட. இன்னொருவர், "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று நீட்டிய வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்றாமவர் செக்யூரிட்டி வேலைக்காக 'யூனிஃபார்ம் டெபாசிட்' கட்டினார். பணம் வாங்கியவரின் போன் இப்போது ஸ்விட்ச் ஆஃப்.

"35 வயதுக்குள்" என்று தனியார் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே போடுகின்றன. வயதைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கத் தனியாருக்கென்று இங்கே தனிச் சட்டம் இல்லை. ஆகவே அடுத்த வேலை கிடைக்கத் தாமதமாகும். அதுவரை கைகொடுப்பது பழைய வேலையில் உங்களுக்குச் சேர வேண்டியதுதான். அதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதலாவது, ராஜினாமாக் கடிதம். நிர்வாகமே ஆட்குறைப்புச் செய்யும்போது நீங்களாக விலகுவதாக எழுதிக் கொடுக்காதீர்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஆட்குறைப்பின்போது ஒரு மாத நோட்டீசும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் சட்டப்படி உண்டு. "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்ற ஒரு வரி அதைக் காலி செய்துவிடும்.

கிராஜுவிட்டி வேறு கணக்கு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்திருந்தால், ராஜினாமா செய்தாலும் அது உண்டு. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பணம் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுப் போடலாம். வாய்ப்பேச்சாகக் கேட்டுக்கொண்டே இரண்டு வருடம் நடக்காதீர்கள்.

அடுத்து பி.எஃப். இதைப் பொறுமையாகப் படியுங்கள். பாஸ்புக்கில் பி.எஃப். தொகை தனி, பென்ஷன் தொகை தனி. அவசரத்துக்கு முதலாவதிலிருந்து தேவையானதை மட்டும் எடுங்கள். இரண்டாவதில் கை வைக்காதீர்கள். பத்து ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன். ஒன்பது ஆண்டு ஆறு மாதம் இருந்தாலே பத்தாகக் கணக்கிடுவார்கள். அதற்கும் குறைவென்றால், படிவம் 10சி போடும்போது பணத்துக்குப் பதில் 'ஸ்கீம் சர்டிபிகேட்' கேளுங்கள். அடுத்த நிறுவனத்தில் சேரும்போது இதைக் கொண்டு பழைய சேவை புதியதோடு கூடும். 50 வயதிலிருந்தே பென்ஷன் வாங்க வழி உண்டு. ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள். அந்தக் குறைவு ஆயுளுக்கும் தொடரும்.

வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதிவு செய்யாமல் இழுத்தடிக்கிறதா? கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் ஆனபின், பி.எஃப். உறுப்பினர்களுக்கான யு.ஏ.என். தளத்தில் ஆதார் ஓ.டி.பி. கொண்டு நீங்களே பதிவு செய்யலாம். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி என்று இருப்பதுதான் நம் தலைமுறையின் பெரிய வியாதி. பி.எஃப். அலுவலகம் பிறந்த தேதிக்கு ஆதாரை இப்போது சான்றாக ஏற்பதில்லை. பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் அலைய விடுவது அந்த அலுவலகங்களின் பழக்கம். ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டங்களில் குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். அங்கே மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

58க்கு மேல் வேலையில் சேர்ந்தால் "இனி பி.எஃப். கிடையாது" என்பார்கள். தவறு. 58இல் நிற்பது பென்ஷன் சந்தா மட்டும், பி.எஃப். சந்தாவுக்கு வயது வரம்பு இல்லை. ஓய்வு பெற்றதாகக் காட்டி முழுத் தொகையையும் முன்பே எடுத்தவருக்குத்தான் கதை வேறு. கணக்கைத் துடைக்காதீர்கள் என்று மறுபடியும் சொல்வது அதனால்தான்.

வேலை தேட, மாவட்ட வேலைவாய்ப்பு மையத்துக்குப் போங்கள். பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில் தனியார் நிறுவனங்களை அங்கே வரவழைக்கிறார்கள். தமிழ்நாடு தனியார் வேலைவாய்ப்பு இணையத்திலும் பதியலாம். இரண்டும் இலவசம்.

வேலைக்கு முன் பணம் கேட்பவன் வேலை தருபவன் அல்ல. பதிவுக் கட்டணம், டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதேதான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். ஒரு நாள் தள்ளினால்கூடப் பணம் கை மாறிவிடும்.

வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைக்கே யு.ஏ.என். பாஸ்புக்கைத் திறந்து பெயரையும் பிறந்த தேதியையும் சரிபாருங்கள். நிறுவனத்தின் முத்திரையும் கையெழுத்தும் சுலபமாகக் கிடைப்பது நீங்கள் உள்ளே இருக்கும்வரைதான்.